கம்பி வழி வந்த கோளாறு: கலசப்பாக்கம் வட்டாரத்தில் வீட்டுக் கணினியும் மின்சாரமும்

பயன்படுத்துபவர் எந்தப் பொத்தானையும் தொடாத நேரத்தில் வீட்டுக் கணினியின் திரை இருண்டு, இயந்திரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் கோளாறைத் தமிழகத்துச் சிற்றூர்களில் ‘சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகுது’ என்ற ஒரே வாக்கியத்தால் குறித்தார்கள். அக்கோளாறுக்கு வைரஸ், பழுதான நினைவகம், சரியாக நிறுவப்படாத மென்பொருள் எனக் கணினிக்குள்ளேயே காரணம் தேடுவது வழக்கமாக இருந்தது. ஆயினும் 1990களின் இறுதியிலிருந்து 2010களின் நடுப்பகுதி வரையிலான காலத்தைத் திருவண்ணாமலை மாவட்டத்துக் கலசப்பாக்கம் போன்ற ஓர் ஊரிலிருந்து நோக்கினால், தானாக மறுதொடக்கம் கொள்ளும் கணினியின் கதை பெரும்பாலும் மின்சார விநியோகத்தின் கதையாகவே அமைகிறது. கணினிக்குள் பிறந்த காரணங்கள் இடையிடையே வந்து அக்கதையைக் குழப்பின என்பதும், அந்தக் குழப்பத்திலிருந்தே பழுதறியும் முறை ஒன்று உருவானது என்பதும் இங்கே கவனிக்கத் தக்கவை.

கலசப்பாக்கம், ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாற்றின் கரையில், போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த ஊர். ரத சப்தமியன்று அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊராகவே பக்கத்து மாவட்டத்தினர் அதை அறிவர். மேற்கே ஜவ்வாது மலையும் அதன் அடிவாரத்தில் மிருகண்டா நதி அணையும், பர்வதமலையும், சுற்றிலும் நெல், மணிலா, கரும்பு விளையும் கிணற்றுப் பாசன வயல்களும் சேர்ந்ததே இந்த வட்டாரம். 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை இது வடாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடாத, ஏரிகள் மழையை நம்பிய இந்த மாவட்டத்தில் வேளாண்மையைத் தாங்கியவை கிணறுகளே; கிணறுகளைத் தாங்கியது மின்சார மோட்டார். கணினியின் வரலாற்றுக்குள் மோட்டார் எப்படி வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கம்பியில் தொங்கியவை.

சென்னை மாகாணத்தில் 1932-இல் பைக்காராவும் 1937-இல் மேட்டூரும் நீர்மின் உற்பத்தியைத் தொடங்கின. 1957 ஜூலை முதல் நாள் அமைக்கப்பட்ட மின்சார வாரியம் ஊர்தோறும் கம்பி இழுக்கும் வேலையை மேற்கொண்டபோது, வீட்டு விளக்குகளுக்கு இணையாக, சில இடங்களில் அவற்றுக்கும் முன்பாக, பாசனக் கிணறுகளே அதன் இலக்காக இருந்தன. வடாற்காட்டில் பசுமைப் புரட்சியின் விளைவுகளை ஆராய்ந்து பி. எச். ஃபார்மர் தொகுத்த நூல் 1977-இலும், அதே மாவட்டத்தை மறுபடியும் ஆய்ந்த ஹேசல், ராமசாமி ஆகியோரின் நூல் 1991-இலும் வெளிவந்தன. உலக அளவில் வேளாண் பொருளியலாளர்கள் வடாற்காட்டை அறிந்தது இவ்வாய்வுகள் வழியாகத்தான். பம்புசெட்டின் பரவல் அவற்றில் நீங்காத பேசுபொருள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாக்கப்பட்டபின், மாநிலத்தின் பம்புசெட்டுகள் காலப்போக்கில் இருபது லட்சத்தைத் தாண்டின. கணினி இந்த வயல்வெளி வீடுகளுக்குள் நுழைந்தபோது, அதற்குக் கிடைத்த மின்சாரம் மோட்டார்களுக்கென்று திட்டமிடப்பட்டு, மோட்டார்களால் இழுக்கப்பட்டு, மோட்டார்கள் விட்டுவைத்த மின்சாரமாகவே இருந்தது.

இதன் பொருளை விளங்கிக்கொள்ள விநியோகப் பாதையின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். துணைமின் நிலையத்திலிருந்து 11,000 வோல்ட் அழுத்தத்தில் புறப்படும் பாதை ‘ஃபீடர்’ எனப்படும். அது ஊர்களையும் வயல்களையும் கடந்து சென்று, ஆங்காங்கே இரட்டைக் கம்பத்தில் ஏற்றிய டிரான்ஸ்ஃபார்மர்களில் அழுத்தம் குறைக்கப்பட்டு, மூன்று ‘பேஸ்’ (முனை) கம்பிகளும் ஒரு ‘நியூட்ரல்’ கம்பியுமாக வீடுகளை அடைகிறது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருக்க வேண்டிய அழுத்தம் 230 வோல்ட். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வீட்டு இணைப்பில் அது ஆறு விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று வரையறுத்தன, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரை. நீண்ட ஃபீடரின் கடைசி டிரான்ஸ்ஃபார்மரில், அதன் கடைசிக் கம்பத்தில் இணைப்புப் பெற்ற வீட்டில், மாலை நேரத்தில் இந்த வரையறை ஏட்டளவிலேயே நின்றது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் தன் இயல்பான மின்னோட்டத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுப்பதால், மும்முனை மின்சாரம் வந்ததும் பல கிணறுகளில் ஒரே நேரத்தில் மோட்டார் போடப்படும்போது அந்தப் பாதையின் அழுத்தம் ஒரு கணம் சரிந்து மீள்வது தவிர்க்க முடியாதது.

இதற்கு மேலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாசனத்துக்கு மும்முனை மின்சாரம் நாளில் குறிப்பிட்ட சில மணி நேரமே வழங்கப்பட்டு, எஞ்சிய நேரத்தில் வீடுகளுக்காக இருமுனை மட்டும் விடப்பட்டபோது, ‘கண்டன்சர்’ எனப்படும் மின்தேக்கியைக் கொண்டு மூன்றாவது முனையைச் செயற்கையாக உண்டாக்கி மோட்டாரை ஓட்டும் வழக்கம் தமிழகமெங்கும் பரவியிருந்தது. வாரியம் அதைத் தடை செய்தது. ஆனால் காயும் பயிரைப் பார்த்து நிற்பவரிடம் தடையாணை செல்லுபடியாவதில்லை. வீடுகளுக்காக விடப்பட்ட இரு முனைகளின் மீது இவ்வாறு ஏறிய சுமைதான், மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதும் குழல்விளக்கு எரிய மறுப்பதுமான ‘லோ வோல்டேஜ்’ மாலைகளுக்கு முக்கியக் காரணம். மின்விசிறி மெதுவாகவேனும் சுற்றும். கணினிக்கு அத்தகைய நடுநிலை ஏதுமில்லை.

கணினிக்கு ஏன் அந்த நடுநிலை இல்லை என்பதற்கான விடை 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனிநபர் கணினியின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அதன் பெட்டிக்குள் இருந்த 63.5 வாட் மின்வழங்கி, அதாவது வீட்டு மின்சாரத்தை வாங்கிக் கணினிக்குத் தேவையான 5 வோல்ட், 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித்தரும் பாகம், வெறும் மின்சாரத்தை மட்டும் வழங்கவில்லை. ‘பவர் குட்’ என்ற பெயரில் ஒரு குறிப்பலையையும் தாய்ப்பலகைக்கு அனுப்பியது. மின்சாரம் நிலைபெற்றுவிட்டது என்று அந்தக் குறிப்பலை சொல்லும் வரை செயலி தொடக்க நிலையிலேயே நிறுத்தி வைக்கப்படும். ஓடிக்கொண்டிருக்கும்போது குறிப்பலை அறுந்தால் செயலி உடனே தொடக்க நிலைக்குத் தள்ளப்படும். குறிப்பலை திரும்பி வந்தால் இயந்திரம் முதலிலிருந்து தொடங்கும். தானாக நிகழும் மறுதொடக்கம் என்பது இவ்வகையில் பழுதன்று, ஒரு காவல் ஏற்பாடு. அரைகுறை மின்சாரத்தில் செயலி தாறுமாறாகக் கணக்கிட்டு வட்டில் இருக்கும் பதிவுகளைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பொறியாளர்கள் வேண்டுமென்றே வைத்தது. கணினி ‘ரீஸ்டார்ட் ஆகிறது’ என்று முறையிட்ட பல வீடுகளில் உண்மையில் அது தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

இந்தியக் கடைகளில் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ என்ற எழுத்துகளால் அறியப்படும் இந்த மின்வழங்கி, வந்த மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி இரண்டு பெரிய மின்தேக்கிகளில் நிரப்பி வைக்கிறது. வெளி மின்சாரம் அறுந்தால் அந்தச் சேமிப்பிலிருந்து கணினி எவ்வளவு நேரம் ஓடும் என்பது ‘தாங்கு நேரம்’ எனப்படும். 1995-இல் இன்டெல் வகுத்த ‘ஏ.டி.எக்ஸ்.’ தரநிலையின் வழிவந்த விவரக்குறிப்புகள் அதை முழுச் சுமையில் 16 அல்லது 17 மில்லி நொடி என்று வைத்தன. இந்திய மின்சாரம் நொடிக்கு 50 அலைகள் கொண்டது. ஓர் அலையின் நீளம் 20 மில்லி நொடி. ஆகவே ஒரே ஒரு அலை முழுவதுமாகத் தவறினாலும் முழுச் சுமையில் இயங்கும் கணினி அதைத் தாண்டிவிடும் என்பதற்கு உறுதியில்லை. கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த இந்த இடைவெளியில் மின்விளக்கு லேசாகத் துடிக்கும், பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவேதான் ‘கரண்ட் போகவே இல்லை, ஆனாலும் ரீஸ்டார்ட் ஆனது’ என்று வீட்டார் உறுதியாகச் சொன்னார்கள், மென்பொருளின் மேல் சந்தேகம் விழுந்தது.

குறை அழுத்தம் இதை மேலும் மோசமாக்கியது. மின்தேக்கியில் சேரும் ஆற்றல் அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், 230 வோல்ட்டுக்குப் பதிலாக 180 வோல்ட் வரும் வீட்டில் சேமிப்பு சுமார் 61 விழுக்காடாகக் குறைகிறது. அந்தச் சேமிப்பிலும் கடைசித் துளிவரை பயன்படாது. உள்ளழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் மின்வழங்கி கைவிட்டுவிடும். உள்ளே நேர்மின்சாரம் 200 வோல்ட்டுக்கு இறங்கும் வரை தாங்கும் மின்வழங்கி ஒன்றை எடுத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 16 மில்லி நொடியாக இருந்த தாங்கு நேரம் 180 வோல்ட்டில் ஆறு மில்லி நொடியாகச் சுருங்குவதைக் கணக்கிட்டே காணலாம். நல்ல அழுத்தத்தில் வரும் சிறு துடிப்பைத் தாண்டிவிடும் அதே இயந்திரம், மாலைக் குறை அழுத்தத்தில் அதே துடிப்புக்கு விழுந்துவிடுவதன் காரணம் இதுவே. கோளாறு பகலில் வராமல் மாலையில் மட்டும் வந்தது ஏன் என்ற கேள்வியை அக்காலத்தில் யாரேனும் விடாமல் கேட்டிருந்தால், எத்தனையோ ‘ஃபார்மட்’டுகள் தவிர்க்கப்பட்டிருக்கும்.

1990களின் கணினிகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் இடையே மற்றொரு வேறுபாடும் இருந்தது. பழைய ‘ஏ.டி.’ வகைப் பெட்டிகளின் முகப்பில் இருந்தது, சுவரில் இருப்பதைப் போலவே மின்சாரத்தை நேரடியாக வெட்டி இணைக்கும் சுவிட்ச். மின்தடை ஏற்பட்டுத் திரும்பும்போது அந்தச் சுவிட்ச் போட்ட நிலையிலேயே இருக்குமாதலால் கணினி தானாக எழுந்துவிடும். மின்சாரம் திரும்பும் முதல் சில கணங்களில், பாதையிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் உயிர்பெறும் ஏற்ற இறக்கத்தில், அந்த இயந்திரமும் அடிபடும். ‘கரண்ட் போனால் உடனே எல்லா சுவிட்சையும் அணை’ என்ற வீட்டுப் பெரியவர்களின் கட்டளை தொலைக்காட்சிக் காலத்திலேயே தோன்றியதுதான் என்றாலும், கணினிக்கு அது இன்னும் பொருத்தமாக இருந்தது. ஏ.டி.எக்ஸ். பெட்டியில் முகப்புப் பொத்தான் தாய்ப்பலகைக்கு ஒரு வேண்டுகோளை மட்டுமே அனுப்புகிறது. நீண்ட மின்தடைக்குப் பின் இயந்திரம் எழ வேண்டுமா வேண்டாமா என்பது ‘பயாஸ்’ எனப்படும் தொடக்க நிரலிலுள்ள ஒரு தெரிவைப் பொறுத்தது. எனவே 2000-க்குப் பின் வாங்கிய கணினி தானாகவே மறுதொடக்கம் கொண்டால், பெரும்பாலும் நிகழ்ந்தது முழு மின்தடை அன்று, கணநேரச் சரிவு என்று ஊகிக்க இடம் கிடைத்தது. அனுபவமுள்ள பழுதுபார்ப்போர் இந்த வேறுபாட்டையே முதல் துப்பாகக் கொண்டனர்.

குறை அழுத்தத்துக்கு எதிரான முதல் ஆயுதம் கணினிக்கு முன்பே வீடுகளில் இருந்தது. சென்னையில் 1975-இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதையொட்டியும், குளிர்பதனப் பெட்டிகள் பரவியதையொட்டியும் ‘ஸ்டெபிலைசர்’ எனும் அழுத்தச் சீராக்கி தென்னிந்திய வீடுகளில் ஒரு மரப்பலகையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டது. கொச்சியில் 1977-இல் தொடங்கப்பட்ட வி-கார்ட் நிறுவனம் இந்த ஒரு பொருளைக் கொண்டே வளர்ந்தது. ஆனால் ஸ்டெபிலைசர் உள்ளே ‘ரிலே’ எனப்படும் மின்காந்தச் சுவிட்சுகள் ‘டக், டக்’ என்று இடம் மாறி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. அந்த ஒவ்வொரு மாற்றமும் சில மில்லி நொடி மின்தடைதான். தொலைக்காட்சிப் பெட்டி அதைப் பொருட்படுத்தவில்லை; கணினி பொருட்படுத்தியது. காப்பதற்காக வாங்கிய ஸ்டெபிலைசரே மறுதொடக்கத்துக்குக் காரணமான வீடுகள் உண்டு.

பள்ளிகளும் அலுவலகங்களும் பயன்படுத்திய ‘சி.வி.டி.’, அதாவது மாறா அழுத்த டிரான்ஸ்ஃபார்மர், அசையும் பாகம் ஏதுமின்றி இரும்பின் காந்தச் செறிவு நிலையைக் கொண்டு அழுத்தத்தை நிலைநிறுத்தியது. கனமும் இரைச்சலும் சூடும் மிகுந்த அந்தக் கருவி கணினி ஆய்வகத்தின் மூலையில் உறுமிக்கொண்டிருக்கும். அதன் ஒரு பலவீனம் அக்காலத் தென்னிந்தியாவுக்கே உரிய முறையில் வெளிப்பட்டது: அதன் வெளியீடு மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்தது. தேவைக்கு ஏற்ற உற்பத்தி இல்லாத தென் மண்டல மின்கட்டமைப்பில் அதிர்வெண் 50-ஐவிட வெகுவாகக் குறைந்த நிலையிலேயே நாட்கணக்கில் ஓடியது. 2003 ஜனவரியில் அதிர்வெண்ணைப் பொறுத்து விலை நிர்ணயிக்கும் கட்டண முறை தெற்கில் நடைமுறைக்கு வந்த பிறகே அதில் ஒழுங்கு வந்தது. அதிர்வெண் தாழும் நாட்களில், அழுத்தத்தைக் காக்க வேண்டிய கருவியின் வெளியீடே தாழ்ந்தது.

மூன்றாவதாக வந்தது ‘யு.பி.எஸ்.’, மின்கலத்தோடு கூடிய தடையிலா மின்வழங்கி. வீடுகளுக்கு வந்த மலிவான வகையில் சாதாரண நேரத்தில் மின்சாரம் நேராகக் கடந்து செல்லும்; தடை ஏற்பட்டால் மட்டும் ஒரு ரிலே புரண்டு, 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்திலிருந்து மின்சாரம் தொடரும். அந்தப் புரளலுக்கு ஆகும் நேரம் நான்கு முதல் பத்து மில்லி நொடி. கணினியின் தாங்கு நேரம் 16 மில்லி நொடியாக இருக்கும் வரை இது போதும். ஆறாகச் சுருங்கிய மாலையில் போதாது. அத்துடன், வெயில் 40 பாகைக்கு மேல் ஏறும் வடாற்காட்டுக் கோடையில் ஈய-அமில மின்கலம் இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழப்பதால், பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் யு.பி.எஸ்., மின்சாரம் போன கணத்தில் தானும் படுத்துவிடும். மின்கலத்தைச் சோதிக்காமல் கணினியைப் பிரித்துப் போடுவது அக்காலப் பழுதுபார்ப்பின் நிரந்தரக் குறை எனலாம்.

வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் ‘அசெம்பிள்டு’ எனப்பட்டவை. பாகங்களைத் தனித்தனியே வாங்கி இணைத்தவை. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருதான் இந்த வணிகத்தின் தலைவாசல். மாவட்டத் தலைநகர்களின் சிறு கடைகள் அங்கிருந்து சரக்கெடுத்தன. புதுச்சேரியில் தொழிற்சாலை வைத்திருந்த எச்.சி.எல். போன்ற நிறுவனங்களின் கணினிகளைவிட அசெம்பிள்டு இயந்திரம் விலை குறைவு. அந்தக் குறைவில் ஒரு பகுதி மின்வழங்கியில் எடுக்கப்பட்டது. பெட்டியோடு இலவசம்போல் வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒட்டுத்தாளில் 400, 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் அளவு அந்த எண்ணுக்கு ஈடுகொடுப்பதாக இருக்காது. தாங்கு நேரம் என்பது ஒட்டுத்தாளில் அச்சிடப்படுவதில்லை. வாங்குபவர் செயலியின் வேகத்தையும் வட்டின் கொள்ளளவையும் கேட்டார். விற்பவரும் அவற்றையே சொன்னார்.

விண்டோஸ் 98 காலத்தில் ஒவ்வொரு திடீர் நிறுத்தத்துக்குப் பிறகும் ‘ஸ்கேன்டிஸ்க்’ என்ற நிரல் நீலத் திரையில் ஓடி வட்டைச் சரிபார்க்கும். கணினியை முறைப்படி நிறுத்தாததால்தான் இது நேர்ந்தது என்ற பொருளில் ஓர் அறிவுரையும் காட்டும். துணைமின் நிலையத்தில் நேர்ந்ததற்கு வீட்டுக்காரரைக் குற்றஞ்சாட்டிய அந்தச் செய்தியை வடிவமைத்தவர்கள், மின்சாரம் போவதே அரிதான நாட்டினர் என்பது அதன் தொனியிலேயே தெரிகிறது. அன்றைய கோப்பு முறைமைக்கு நடந்த மாற்றங்களைப் பதிந்துவைத்து மீட்டுக்கொள்ளும் திறன் இல்லாததால், மறுதொடக்கங்கள் பலமுறை நேர்ந்த வட்டில் உண்மையாகவே கோப்புகள் சிதைந்தன. சிதைந்த கோப்புகளால் விண்டோஸும் தடுமாறியது. மின்சாரத்தால் வந்த நோய் இவ்வாறு மென்பொருள் நோயின் உருவத்தையும் பெற்றது. விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினால், அதாவது ‘ஃபார்மட் அடித்தால்’, சில வாரங்கள் சரியாக இருக்கும்; அந்தத் தற்காலிக நலமே தவறான மருத்துவத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

மின்சாரத்தையே குற்றஞ்சாட்டிப் பழகியவர்களை 2003 ஆகஸ்ட் திகைக்க வைத்தது. அம்மாதம் 11-ஆம் நாள் கண்டறியப்பட்ட ‘பிளாஸ்டர்’ என்ற புழு நிரல், விண்டோஸ் எக்ஸ்பி, 2000 ஆகியவற்றின் ஓர் உள்சேவையிலிருந்த ஓட்டை வழியாக, பயன்படுத்துபவர் எதையும் திறக்காமலேயே இணையத்தில் இணைந்த கணினிகளில் நுழைந்தது. தாக்கப்பட்ட சேவை முறிந்ததும் எக்ஸ்பி அறுபது நொடிகள் எண்ணிக் காட்டி மறுதொடக்கம் கொண்டது. 2004 ஏப்ரல் இறுதியில் வந்த ‘சாசர்’ புழுவும், ஜெர்மனியில் பதினெட்டு வயதை எட்டிய ஸ்வென் யாஷன் என்ற இளைஞரின் படைப்பு, இதையே வேறோர் ஓட்டை வழியாகச் செய்தது. பிளாஸ்டருக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2003 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆயினும் தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாக இணையும் வீடுகளில் திருத்தம் இறங்கி முடிவதற்குள் புழு வந்து கணினியை வீழ்த்தியது. உரிமமற்ற பிரதிகளைப் பயன்படுத்தியோர் புதுப்பித்தலையே அணைத்து வைத்திருந்தனர். எண்ணிக்கை ஓடும் அந்த அறுபது நொடிக்குள் ‘ஷட்டவுன் -ஏ’ என்ற கட்டளையைத் தட்டச்சு செய்து நிறுத்தத் தெரிந்திருப்பது பிரவுசிங் சென்டர் நடத்துவோரின் தொழிலறிவாயிற்று. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு தீயரணை இயல்பாகவே இயக்கி வைத்தபின் இந்த வகை அடங்கியது. மின்சாரத்தால் வரும் மறுதொடக்கம் முன்னறிவிப்பின்றி வரும், புழுவால் வருவது எண்ணிக்கை காட்டி வரும் என்ற எளிய வேறுபாடு அந்த ஓராண்டில் பலருக்கும் விளங்கியது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1999 முதல் 2007 வரை, உலகெங்கும் தாய்ப்பலகைகளில் குறைபட்ட மின்பகு திரவம் நிரம்பிய மின்தேக்கிகள் பொருத்தப்பட்டு வந்தன. செயலியைச் சுற்றி வரிசையாக நிற்கும் இந்தச் சிறு உருளைகளின் தலைப்பகுதி உப்பி, வெட்டுக்கோட்டில் வெடித்து, பழுப்புக் கசிவு படிந்தால், செயலிக்குச் செல்லும் மின்சாரம் சீரற்றுப் போய் சுமை ஏறும்போதெல்லாம் மறுதொடக்கம் நேரும். டெல் உட்படப் பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகளும் இதில் சிக்கின. பத்து பாகை வெப்பம் கூடினால் இத்தகைய மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் நடைமுறை விதி. காற்றோட்டமில்லாத மேசை அறைக்குள் அடைக்கப்பட்டு, புழுதி படிந்த விசிறியோடு, ஓட்டு வீட்டின் சித்திரை வெயிலில் ஓடிய கணினிக்கு அந்த விதி இரக்கமின்றிப் பொருந்தியது. வானொலிப் பெட்டி பழுதுபார்த்துப் பழகிய கைகள் பற்றவைப்புக் கோலால் உப்பிய மின்தேக்கிகளைக் கழற்றிப் புதியவற்றை இட்டன. ஆனால் அந்த இடத்துக்குத் தேவைப்பட்டது உள்தடை மிகக் குறைந்த தனிவகை என்பதால், வானொலிக்கு விற்கும் சாதாரண மின்தேக்கி மாற்றப்பட்ட பலகைகள் விரைவிலேயே மறுபடியும் விழுந்தன. திட மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கிகள் வழக்கத்துக்கு வந்தபின் இந்த அத்தியாயம் முடிந்தது.

மின்சாரம், புழு, உப்பிய மின்தேக்கி, வெப்பம் ஆகிய நான்கும் ஒரே அறிகுறியைக் காட்டிய இந்தப் பத்தாண்டில்தான் பழுதறியும் ஒழுங்கு உருவாயிற்று. அதன் உயிர்நாடி, மறுதொடக்கம் எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்று பிரித்தறிவது. விண்டோஸ் ஏறுவதற்கு முன், பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போதே நிகழ்ந்தால் மென்பொருளைத் தேட வேண்டியதில்லை. விண்டோஸ் ஏறிய பின் மட்டும் நிகழ்ந்தால், எக்ஸ்பியில் பெரும்பாலோர் அறியாத ஒரு தெரிவு இருந்தது: கடும்பிழை ஏற்படும்போது நீலத் திரையைக் காட்டி நிற்காமல் தானாக மறுதொடக்கம் கொள்ளும்படியே அது அமைக்கப்பட்டு வந்தது. ‘சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியின் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’யில் அந்தக் குறியை நீக்கினால் அடுத்த முறை நீலத் திரை நிலைத்து நின்று பிழையின் எண்ணைக் காட்டும், காட்டாமல் இருண்டால் பிழை மின்சாரத்திலோ வன்பொருளிலோ இருக்கிறது. பெட்டியின் முகப்பிலுள்ள ‘ரீசெட்’ பொத்தான் புழுதியில் சிக்கி உள்ளே ஒட்டிக்கொள்வதும் உண்டாதலால், அதன் இரு கம்பிகளைத் தாய்ப்பலகையிலிருந்து உருவிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. நினைவகப் பலகையின் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவது நூல்களில் அரிதாகவும் கடைகளில் எப்போதும் காணப்பட்ட உத்தி. அது பெரும்பாலும் பலித்ததற்குக் காரணம் ரப்பரைவிட, கழற்றிச் செருகியதில் தொடுமுனை சரியானதே. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து அதைத் தனியே ஓட்டிப் பார்ப்பதும் வழக்கம். சுமையில்லாமல் விசிறி சுற்றுவது மின்வழங்கி நலமாக இருப்பதற்குச் சான்றாகாது என்பதை மட்டும் பலர் மறந்தனர்.

2008 முதல் தமிழகத்தில் பற்றாக்குறை முற்றி, அறிவிக்கப்பட்ட மின்வெட்டு அன்றாட நடைமுறையாயிற்று; 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் அது நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் கடந்தது. மின்வெட்டுக் காலம் வீட்டுக்கு வீடு ‘இன்வெர்ட்டர்’ கொண்டுவந்தது. மின்விசிறிக்கும் விளக்குக்குமான இன்வெர்ட்டர் கைமாற எடுத்துக்கொள்ளும் நேரம் கணினியின் தாங்கு நேரத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். அதனால் இன்வெர்ட்டர் இருந்தும் கணினி மறுதொடக்கம் கொண்டது. பின்னால் வந்த கருவிகளின் முதுகில் ‘யு.பி.எஸ்.’ என்று எழுதிய ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. அதை அந்தப் பக்கம் தள்ளினால் கைமாறும் நேரம் சுருங்கும், ஆனால் குறை அழுத்தத்தில் கருவி அடிக்கடி மின்கலத்துக்குத் தாவும். ஆகவே குறை அழுத்தமுள்ள ஊர்களில் மின்கலம் காய்ந்துவிடாதிருக்க அதை மறுபக்கமே வைத்தார்கள். கணினி வேண்டுவதும் மின்விசிறி வேண்டுவதும் ஒத்துப்போகவில்லை.

மின்வெட்டு உச்சத்தை நெருங்கிய வேளையில், 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் வழியாக, கணினியே இல்லாதிருந்த கிராம வீடுகளையும் எட்டின. அத்திட்டத்தைக் கல்வி நோக்கில் புகழ்ந்தோரும் அரசியல் நோக்கில் இகழ்ந்தோரும் கவனியாத ஒன்று, மடிக்கணினி என்பது யு.பி.எஸ்.ஸைத் தன் வயிற்றிலேயே கொண்ட கணினி என்பதாகும். அதன் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும். மின்கலம் இடையில் நிற்பதால் மோட்டார்களின் இழுப்பு செயலியை எட்டாது. அதே நாளில் தொடங்கிய மற்றொரு திட்டம் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றையும் வீடுகளுக்கு அனுப்பி அதே டிரான்ஸ்ஃபார்மர்களின் சுமையைக் கூட்டியது என்பது கொள்கை வகுப்பின் சுவையான முரண்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென் மண்டலக் கட்டமைப்பு நாட்டின் ஏனைய பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் பிணைக்கப்பட்டது. 2015 வாக்கில் மின்வெட்டும் விலகியது. கட்டமைப்பின் மேல்மட்டம் இவ்வாறு சீரானாலும், ஊரின் கடைசிக் கம்பத்து அழுத்தம் அந்தந்த டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவையே சார்ந்து நின்றது. மலையடிவாரக் கோடை இடிமழையில் கிளை கம்பியில் உரசி ஃபீடர் விழுவதும், நியூட்ரல் கம்பி அறுந்தால் ஒரு வீட்டின் 230 வோல்ட் 400-ஐ நோக்கி ஏறி எஸ்.எம்.பி.எஸ். வெடிப்பதும் நாட்டின் கட்டமைப்பு இணைந்ததால் நின்றுவிடுபவை அல்ல.

விண்டோஸ் 7 முதல் மைக்ரோசாஃப்ட் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவைச் சேர்த்தது. மின்சாரம் அறுந்து நேர்ந்த மறுதொடக்கத்தில், கணினி முறைப்படி நிறுத்தப்படவில்லை என்பதைத் தவிர அது வேறு காரணம் எதையும் சொல்வதில்லை. ஆனால் நாளையும் நேரத்தையும் சொல்கிறது. இன்று பெட்டிக் கணினி பெரும்பாலும் இ-சேவை மையம், அச்சகம், புகைப்பட நிலையம் ஆகியவற்றில் எஞ்சியுள்ளது. அங்கே அந்தப் பதிவின் நேரங்களை வரிசையாக எழுதி, பக்கத்து வயல்களுக்கு மும்முனை மின்சாரம் விடப்படும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, திருகுளியைக் கையில் எடுப்பதற்கு முன் செய்யத்தக்க சோதனை. இரண்டும் பொருந்தினால் பழுதுபார்ப்பவரிடம் அல்ல, மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில்தான் மனு எழுத வேண்டும்.